சாமி வருவதும் சாமியைக் காண்பதும்: மறைஞானம் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் தெய்வ அனுபவம் என்று பேச்செடுத்தால் முதலில் உடுக்கைதான் காதில் கேட்கும். சாம்பிராணிப் புகை, உருமிச் சத்தம், முனியாண்டி கோயில் வாசலில் சுருட்டும் கையுமாகக் கண் சிவந்து நிற்கும் பூசாரி, அவர் முன்னால் எலுமிச்சம்பழத்தோடு வரிசை பிடிக்கும் குடும்பங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு, அதாவது புதுக் குடியிருப்புக்கு, குடிபோனவர்கள்கூடப் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். சாமி இறங்கி வாக்குச் சொல்லாத திருவிழாவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, மறைஞானம் என்றதும் நம் ஆட்களுக்கு இரண்டு விஷயம்தான் தோன்றும். ஒன்று சாமியாட்டம். இன்னொன்று தகடு, தாயத்து, வசியம், போமோ என்கிற மலாய் மந்திரவாதி. இந்தக் கட்டுரை அந்த இரண்டையும் பற்றியது அல்ல.

உலகத்துப் பெரிய சமயங்கள் எல்லாவற்றிலும் ஒரு சிறு கூட்டம் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. நூல் சொல்வதை நம்பி நடப்பதோடு அவர்களுக்கு மனம் ஆறுவதில்லை. நூல் எதைப் பற்றிப் பேசுகிறதோ அதையே நேரில் அறிய வேண்டும், அதுவும் செத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் இந்த உடம்பு இருக்கும்போதே அறிய வேண்டும் என்று கிளம்பியவர்கள் அவர்கள். அந்தத் தேடல், அதற்காக அவர்கள் செய்த பயிற்சி, அறிந்தேன் என்று அவர்கள் விட்டுச்சென்ற வாக்கு, மூன்றும் சேர்ந்ததற்குத்தான் மறைஞானம் என்று பெயர். நம்மிடம் உபநிடத முனிவர்களும் சித்தர்களும், இஸ்லாத்தில் சூஃபிகள், யூதர்களிடம் கபாலா, கிறிஸ்துவத்தில் பாலைவனத் துறவிகளும் மடத்துத் தியானிகளும், பௌத்தத்தில் ஜென் ஆசான்கள், சீனத்தில் தாவோ வழி. பட்டியல் இன்னும் நீளும்.

அருள் வருவதும் இதுவும்

உருமி மேளக் குழுவில் வாசிக்கும் ஒரு பையன் ஒருமுறை கேட்டான்: "அங்கிள், தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலையில காவடி எடுத்தப்ப எனக்கு ஒன்னுமே தெரியல. அலகு குத்துனதுகூட வலிக்கல. நீங்க சொல்றதும் அதும் ஒன்னுதானே?"

தட்டிக் கழிக்க முடியாத கேள்வி. இரண்டிலும் 'நான்' என்கிற பிடி தளர்கிறது, அது உண்மை. ஆனால் அருள் வரும்போது தெய்வம் ஓர் ஆள்மேல் இறங்குகிறது, ஊருக்காக இறங்குகிறது. குறை கேட்கிறது, திட்டுகிறது, திருநீறு போடுகிறது. சாமி மலையேறியதும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "என்ன பேசினேன்?" என்று ஆடியவரே கேட்பார். மறைஞானிகள் சொல்வது இதற்கு நேர் எதிர். அங்கே கூட்டம் இல்லை, வாக்கு இல்லை. நினைவு தப்புவதும் இல்லை. அதுவரை வாழ்நாளில் இருந்ததைக் காட்டிலும் விழிப்பாக இருந்ததாகத்தான் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று சொல்ல வரவில்லை. நாலு எழுத்துப் படித்துவிட்டுச் சாமியாட்டத்தை இளக்காரமாகப் பேசுபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. தோட்டத்தில் கங்காணியையும் கிராணியையும் ஒரு கூலிக்காரர் முன்னால் கைகட்டி நிற்க வைத்த குரல் வேறு எது இருந்தது? அதன் வேலை வேறு, இதன் வேலை வேறு, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை மறைஞானிகளே கறாராகப் பார்த்திருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலா நகரத்துத் தெரேசா கன்னியர் மடங்களை நடத்தியவர். 1577-இல் அவர் எழுதிய நூல், ஆன்மாவை ஏழு சுற்று அறைகள் கொண்ட ஒரு கோட்டையாகக் காட்டுகிறது. அதில் ஒரு கன்னியர் மணிக்கணக்கில் மயங்கிய நிலையில் கிடப்பதையும், சுற்றியிருந்தவர்கள் அதைப் பரவசம் என்று நம்பியதையும் சொல்கிறார். தெரேசா கொடுத்த மருந்து: நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள், தூங்க விடுங்கள், விரதத்தைக் குறையுங்கள். மயக்கம் நின்றுபோனது. தெரேசாவுக்கே காட்சிகள் வந்ததுண்டு. ஆனாலும் பசி மயக்கத்துக்கும் பரவசத்துக்கும் வித்தியாசம் தெரிந்த நிர்வாகி அவர். கடவுள் அடுப்படிப் பானை சட்டிகளுக்கு இடையிலும் நடமாடுகிறார் என்று தம் மடத்துப் பெண்களிடம் சொன்னவரும் அவரே.

எதை வைத்து அடையாளம் காண்பது?

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் 1902-இல் நூலாக வந்தன. அதில் அவர் நான்கு அடையாளங்கள் கொடுத்தார். நூற்றாண்டு தாண்டியும் தொடக்கக்காரர்களுக்கு இதுதான் கைகொடுக்கிறது.

முதலாவது, அந்த அனுபவம் சொல்லுக்குள் அடங்காது. இதைத் திருமூலரைவிடப் பச்சையாக யாரும் சொல்லவில்லை:

முகத்தில்கண் கொண்டு காண்கின்ற மூடர்காள்
அகத்தில்கண் கொண்டு காண்பதே ஆனந்தம்
மகட்குத்தாய் தன்மண வாளனோடு ஆடிய
சுகத்தைச்சொல் என்றால் சொல்லுமாறு எங்ஙனே

மகள் வந்து, "அம்மா, நீ அப்பாவோடு கூடியிருந்த சுகத்தைச் சொல்லு" என்று கேட்டால் தாய் எப்படிச் சொல்வாள்? ரகசியம் என்பதால் மறைக்கவில்லை. அந்த வயதும் வாழ்வும் வராதவளிடம் எந்தச் சொல்லைப் போட்டாலும் அது போய்ச் சேராது. சமயச் சொற்பொழிவுகளில் இந்தப் பாட்டு வந்தால் பேச்சாளர்கள் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுவதைக் கவனித்திருக்கிறேன். கத்தோலிக்க இறையியலின் பெரிய தலை தாமஸ் அக்குவினாஸ் 1273 டிசம்பரில் ஒருநாள் வழிபாட்டின்போது ஏதோ நேர்ந்ததற்குப் பிறகு எழுதுவதையே நிறுத்திக்கொண்டார். கண்டதோடு ஒப்பிட்டால் தாம் எழுதியதெல்லாம் வெறும் வைக்கோல் என்று உதவியாளரிடம் சொன்னதாக வரலாறு. அவருடைய பெரும் நூல் முடியாமலே நின்றுவிட்டது.

இரண்டாவது, அது வெறும் உணர்ச்சி அல்ல, அறிவு. 'சந்தோஷமாக இருந்தது' என்பதோடு மறைஞானி நிற்பதில்லை, 'தெரிந்துகொண்டேன்' என்கிறார். சொல்லவும் முடியாது, ஆனால் தெரியும் என்றால் எப்படி என்று படித்தவர்கள்தான் முகம் சுளிப்பார்கள். பால் வெட்டியவர்களுக்கு இதில் குழப்பமே இருக்காது. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்குக் கணக்கு உண்டு: உள்மரத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். மேலோட்டமாக இழுத்தால் பால் குறையும். ஒரு மயிரிழை கூடுதலாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. விடிவதற்கு முன்னால், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரை யார் அளந்து பார்த்தார்கள்? கைக்குத் தெரியும். புதிதாக வருபவருக்குப் பக்கத்தில் நின்று காட்டலாமே தவிர வாயால் சொல்லி வைக்க முடியாது.

தாவோ மரபின் சுவாங்சூ நூலிலும் இதே மாதிரி ஒரு தொழிலாளிதான் வருகிறார். மாடு அறுக்கும் சமையற்காரர். 19 ஆண்டுகளாக ஒரே கத்தி, ஆயிரக்கணக்கான மாடுகள், இன்னும் சாணைக்கல்லில் இருந்து எடுத்த மாதிரி கூர் மாறவில்லை. எலும்பில் மோதாமல் மூட்டுகளுக்கு இடையிலிருக்கும் வெளியில் கத்தியை விடுகிறேன், இப்போதெல்லாம் நான் கண்ணால் பார்ப்பதில்லை என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த அரசர், வாழ்வதெப்படி என்று இவரிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்வதாகக் கதை. மறைஞானத்தைக் குகையிலும் மலையிலும் மட்டுமே தேடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, அது நீடிக்காது. சற்று நேரத்தில் விலகிவிடும். நான்காவது, அதை நாமே வரவழைக்க முடியாது, வந்தால்தான் உண்டு. நான்காவதற்கு விளக்கமே வேண்டாம். "அவன்அரு ளாலே அவன்தாள் வணங்கி" என்று சிவபுராணம் ஒப்பிக்கும் ஒவ்வொரு தேவார வகுப்புப் பிள்ளைக்கும் அது மனப்பாடம். மூன்றாவது அடையாளத்தில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. 1896-இல் மதுரையில் 16 வயதுப் பையனாக இருந்த ரமணருக்குச் சாவுபயம் திடீரென்று வந்தது. சரி, செத்துத்தான் பார்ப்போம் என்று விறைத்துப் படுத்துக்கொண்டார். உடம்பு சாகிறது, 'நான்' என்று உணர்வது எது என்று பார்த்த அந்தச் சில நிமிடங்களில் வந்த தெளிவு பிறகு 1950-இல் உடல் விழும்வரை விலகவில்லை என்றுதான் அவர் சொன்னார். வந்து போகும் காட்சியும், வந்து தங்கிவிடும் நிலையும் ஒன்றல்ல. ஜேம்ஸ் வந்து போவதற்கே அதிக இடம் கொடுத்துவிட்டார்.

என்னதான் செய்கிறார்கள்?

பயிற்சி என்று பார்த்தால் சமயங்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றுமை ஆச்சரியம்தான். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது எல்லோரிடமும் இருக்கிறது. நம் வீட்டு உருத்திராட்ச மாலையிலும் பௌத்தர் மாலையிலும் 108 மணி; முஸ்லிம்களின் தஸ்பீகில் 99 அல்லது 33; கத்தோலிக்கருக்கு ஜெபமாலை. சூஃபிகள் கூடி அமர்ந்து இறைவன் பெயரை ஓதும் திக்ரு செய்கிறார்கள். கிரேக்க நாட்டு அதோஸ் மலைத் துறவிகள் மூச்சோடு சேர்த்து இயேசுவின் பெயரை ஓயாமல் உச்சரித்தார்கள். சீக்கியர்களுக்கு நாம சிமரண். மூச்சைக் கவனிப்பதும் அப்படியே. "காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாளர்க்கு" என்று திருமூலர் பாடினார் என்றால், பாலி மொழிப் பௌத்த நூல்களில் மூச்சைக் கவனிக்கும் தியானத்துக்கென்றே ஒரு தனிப் போதனை இருக்கிறது. பிறகு உண்ணாநோன்பு, தனிமை, மௌனம்.

மனப்போக்கில் இரண்டு வழி தெரிகிறது. ஒன்று காதல் வழி. ஆண்டாளை நமக்குத் தெரியும். 8-ஆம் நூற்றாண்டில் பாஸ்ரா நகரத்து ராபியாவைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் தண்ணீர் வாளியோடு தெருவில் ஓடினாராம். ஏன் என்று கேட்டதற்கு, சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைக்கப் போகிறேன், அப்போதாவது ஆசைக்கும் பயத்துக்கும் இல்லாமல் இறைவனை அவனுக்காகவே நேசிப்பார்கள் என்றாராம்.

மற்றது மறுக்கும் வழி. பிருகதாரண்யக உபநிடதம் 'இதுவல்ல, இதுவல்ல' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறது. சொல்லக்கூடிய தாவோ நிலையான தாவோ அல்ல என்று தொடங்குகிறது லாவோசூவின் 81 அத்தியாய நூல். கபாலாவில் இறைவனின் அடியாழத்துக்குப் பெயர் 'ஐன் சோஃப்', அதாவது முடிவற்றது. அதற்குமேல் எந்தக் குணத்தையும் அதற்குச் சூட்ட மாட்டார்கள். கந்தர் அனுபூதியில் முருகன் அருணகிரிநாதருக்குச் சொன்னதும் 'சும்மா இரு சொல்லற' என்பதுதான். அதைக் கேட்ட மாத்திரத்தில் வேறெந்தப் பொருளையும் அறியாமல் நின்றுவிட்டேன் என்கிறார். நம் ஊரில் தைப்பூசத்துக்கு ஒலிபெருக்கி வைக்கும் சத்தத்தில் முருகன் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது!

அப்பரும் ஹம்ஸாவும்

சிவன் கோயிலில் ஓதுவார் பாடும் அப்பர் தேவாரத்தில் ஒரு வரி வரும்: திருமாலும் நான்முகனும் தேடியும் கிடைக்காத தேவனை, "என்னுளே தேடிக் கண்டுகொண்டேன்". 7-ஆம் நூற்றாண்டுப் பாட்டு.

இனி மலாய்ப் பக்கம் வருவோம். சுமத்திராவின் பாருஸ் துறைமுகத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஹம்ஸா ஃபன்சூரி என்ற சூஃபிதான் மலாய் மொழியில் ஞானக் கவிதைக்கு வழி போட்டவர். மலாய் இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் அவருடைய நாலடி ஒன்றின் கருத்து இது: ஹம்ஸா ஃபன்சூரி மக்காவில் இருந்தான், கஃபாவில் இறைவனைத் தேடினான், பாருசிலிருந்து குதுஸ் வரை அலைந்து களைத்தான், கடைசியில் கண்டது வீட்டுக்குள்ளே.

இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் படித்தால் மெய்சிலிர்க்கும். 'பார்த்தீர்களா, எல்லா மதமும் ஒன்றுதான்' என்று உடனே முடித்துவிடவும் தோன்றும். இங்கேதான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அப்பர் கண்டுகொண்டது தம் உள்ளத்தில் குடியிருக்கும் ஆண்டவனை. கண்ட பிறகும் அவர் அடியார்தான், அவன் தலைவன்தான். கையும் தலையும் காலும் அவனை வணங்கத்தான் என்று அந்தப் பதிகம் முழுக்கப் பாடுகிறார். ஹம்ஸாவின் மரபோ, உண்மையில் இருப்பது ஓர் இருப்புதான், உலகம் அதன் வெளிப்பாடு என்ற கொள்கையைச் சேர்ந்தது. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு வரிக்குப் பின்னால் இரண்டு வேறு தத்துவம் நிற்கிறது.

அந்த வித்தியாசம் வெறும் வாய்ச்சண்டையும் இல்லை. 1637-இல் அச்சே வந்த நூருத்தீன் அர்ரானிரி என்ற அறிஞர், படைத்தவனையும் படைப்பையும் ஒன்றாக்குவது வழிகேடு என்று ஹம்ஸா மரபைக் கடுமையாக எதிர்த்தார். சுல்தானின் ஆதரவும் அவருக்கு இருந்தது. ஹம்ஸா வழியினரின் நூல்கள் எரிக்கப்பட்டன. அப்படியிருந்தும் கவிதைகள் பிழைத்து இன்றுவரை வந்துவிட்டன.

அப்படியானால் எல்லாம் ஒன்றா, வேறா?

இதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1945-இல் வெளியிட்ட நூலில், எல்லா மரபிலும் மறைஞானிகள் கண்டது ஒரே உண்மை, மொழிதான் வேறு என்றார். ஸ்டீவன் காட்ஸ் 1978-இல் இதை மறுத்தார். அனுபவம் முதலில் வந்து, பிறகு அதற்குச் சமயச் சட்டை போடுவதில்லை. சிறுவயதிலிருந்து கேட்டது, பாடியது, பயிற்சி எடுத்தது எல்லாம் அந்த அனுபவத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது என்பது அவர் வாதம். ஸ்பெயின் மடத்துக் கன்னியருக்குக் காட்சியில் இயேசுதான் வந்தார், முருகன் வரவில்லை.

நான் காட்ஸ் பக்கம் சாய்கிறவன். காரணம் பௌத்தம். நம் ஊரிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் பேராக் தோங் குகைக் கோயில் இருக்கிறதே, உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய புத்தர் எந்தப் பரம்பொருளோடும் ஒன்றாகவில்லை. படைத்த கடவுளை அவர் போதிக்கவில்லை. ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லை என்றார். உலகம் முடிவுள்ளதா, இல்லாததா என்று நச்சரித்த சீடரிடம், நச்சு அம்பு தைத்தவன் எய்தவன் குலம் கோத்திரம் தெரியாமல் அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் செத்துப்போவான் என்று பதில் சொன்னார். 'சீவன் சிவனாகிறது' என்பதையும் 'சீவன் என்று ஒன்று இல்லை என்று தெளிகிறது' என்பதையும் ஒன்றுதான் என்று சொன்னால் சைவருக்கும் மரியாதையில்லை, பௌத்தருக்கும் மரியாதையில்லை. ஆனால் காட்ஸுக்கும் முழுதாகக் கைகொடுக்க முடியவில்லை. தம் சமயம் சொல்லிக்கொடுத்ததற்கு மாறாகக் கண்டு, அதனாலேயே அடிபட்டவர்கள் ஏராளம். எல்லாம் வளர்ப்பு என்றால் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

அடிபட்டவர்கள்

'நானே உண்மை' என்று சொன்ன ஹல்லாஜ் 922-இல் பாக்தாதில் கொல்லப்பட்டார். 'உண்மை' என்ற அந்தச் சொல் இஸ்லாத்தில் இறைவனின் பெயர்களில் ஒன்று. அரசியல் காரணங்களும் கூட இருந்தன. ஜெர்மானியத் துறவி எக்கார்ட் இறந்தபின் 1329-இல் அவருடைய 28 கூற்றுகளைப் போப்பாண்டவர் கண்டித்தார். ஸ்பெயின் துறவி சிலுவை யோவானின் கதை இன்னும் கொடுமை. 1577 டிசம்பரில் அவரைப் பிடித்து அடைத்தவர்கள் அவருடைய சொந்தச் சபைத் துறவிகளே. சபையைச் சீர்திருத்தத் தெரேசாவோடு சேர்ந்து உழைத்ததுதான் குற்றம். டொலேடோ நகரத்து மடத்தில் வெளிச்சம் சரியாக வராத ஒரு சின்ன அறை. அங்கே இருந்துகொண்டே மனத்துக்குள் கவிதை கட்டினார். 1578 ஆகஸ்டில் இரவோடு இரவாகத் தப்பினார். 'ஆன்மாவின் இருண்ட இரவு' என்று இன்று உலகமே சொல்லும் தொடர் அவர் எழுத்திலிருந்து வந்தது. எல்லா ஆறுதலும் விட்டுப்போய், கும்பிட்ட சாமியும் இல்லை என்று தோன்றும் காலத்துக்கு அந்தப் பெயர். அதுவும் வழியின் ஒரு பகுதிதான் என்றார்.

தமிழில் சிவவாக்கியரைப் பார்த்தாலே போதும். நட்ட கல்லைச் சுற்றி வந்து முணுமுணுக்கிறாயே, நாதன் உள்ளிருக்கும்போது கல் பேசுமா என்று கேட்டுவிட்டு, "சுட்ட சட்டி சட்டுவம் கறிச்சுவை அறியுமோ" என்று போட்டார். சைவத் திருமுறைகள் பன்னிரண்டிலும் அவர் பாட்டுக்கு இடமில்லை. வள்ளலார் பாடல்களை அருட்பா என்று சொல்லக் கூடாது என்று ஆறுமுக நாவலர் தரப்பு கிளப்பிய சண்டை 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது.

அதிகாரம் ஏன் பயப்படுகிறது என்பது எளிது. நேரே பார்த்துவிட்டவருக்கு இடையில் தரகர் தேவையில்லை. ஆனால் பயத்தில் ஒரு நியாயமும் உண்டு என்று மறைஞானிகளே ஒத்துக்கொண்டார்கள். யூதர்களின் சமய நூலான தல்மூதில் ஒரு சின்னக் கதை: நான்கு பேர் தோட்டத்துக்குள் போனார்கள். ஒருவர் பார்த்தார், செத்தார். ஒருவருக்குப் புத்தி பேதலித்தது. ஒருவர் செடிகளை வெட்டிப்போட்டார், அதாவது நம்பிக்கையை இழந்தார். ரபி அகிவா மட்டும் நல்லபடியாகத் திரும்பினார். குருவும் கட்டுப்பாடும் வேண்டும் என்று எல்லா மரபும் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதே 'குரு வேண்டும்' என்பதை வைத்துத்தான் ஏமாற்றுக்காரர்களும் பிழைக்கிறார்கள். ஞானம் கொடுக்கிறேன் என்று மண்டபம் எடுத்து, முன்வரிசைக்கு ஒரு விலை, பாதபூசைக்கு ஒரு விலை என்று வசூலிப்பவர் நம் ஊர்ப்பக்கமும் வந்து போயிருக்கிறார். சித்து வேலை காட்டினால் சந்தேகப்படுங்கள். சித்திகள் வழியில் குறுக்கிடும் தடை என்று யோக நூலே சொல்கிறது.

திரும்பி வந்தபின்

மறைஞானி என்றால் உலகத்தை விட்டு ஓடியவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சீனத்தில் 12-ஆம் நூற்றாண்டில் குவோஆன் என்ற ஜென் துறவி மாடு தேடும் பையனின் கதையைப் பத்துப் படமாக அமைத்தார். தடம் காண்கிறான், மாட்டைப் பிடிக்கிறான், பழக்குகிறான். எட்டாவது படத்தில் மாடும் இல்லை, பையனும் இல்லை, வெறும் வட்டம். முடிந்தது என்று நினைப்போம். பத்தாவது படத்தில் அவன் தொந்தியும் சிரிப்புமாகச் சந்தைக்குள் நடந்து வருகிறான்.

நானக் ஆற்றில் மூழ்கி மூன்று நாள் காணாமல் போய்த் திரும்பினார் என்பது சீக்கியர் சொல்லும் வரலாறு. அவர் வழியில் வந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். இன்றும் எந்தக் குருத்துவாராவுக்குப் போனாலும் பந்தியில் உட்கார வைத்துச் சோறு போட்டுவிடுவார்கள். வடலூரில் வள்ளலார் ஞான சபை கட்டியது 1872-இல். பசித்தவர்களுக்குத் தருமசாலையைத் திறந்தது அதற்கு முன்பே, 1867-இல். இந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வழியில் வந்த ஜெகநாத சுவாமிகளின் சமாதி நம் பேராக்கிலேயே, தாப்பாவில் இருக்கிறது.

இன்னொருவரைத் தோட்டத்து மக்கள் தங்களவர் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்ற இளைஞர் 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறி, நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியை ஏற்று நடத்தினார். பிறகு ஜொகூர் பாருவில் வேலை பார்த்தார். பத்து வருடம் தோட்டத்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு 1923-இல் ஊர் திரும்பி, அடுத்த வருடம் ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தார். உலகம் அவரைச் சுவாமி சிவானந்தர் என்று அறியும். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர். சந்நியாசம் வாங்கிய பிறகும் அவர் வைத்தியத்தை விடவில்லை.

எங்கே தொடங்கலாம்?

திருமந்திரம் 3,000-க்கும் மேற்பட்ட பாட்டு. அதில் நேராக இறங்கினால் யோகக் கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். தாயுமானவரின் பராபரக்கண்ணி நல்ல வாசல். இரண்டிரண்டு அடி, எளிய தமிழ், ஒவ்வொன்றும் 'பராபரமே' என்று முடியும். அதோடு குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த சூஃபி அவர்; அவருடைய கண்ணியும் 'பராபரமே' என்றுதான் முடியும், அவரைப் போற்றிப் பாடிய சீடர்களில் இந்துக்களும் உண்டு. இரண்டையும் சத்தமாக வாசித்தால் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பது காதுக்கே பிடிபடும். மலாய் தெரிந்தவர்கள் மூன்றாவதாக ஹம்ஸாவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு வில்லியம் ஜேம்ஸின் 16, 17-ஆம் உரைகள் இரண்டும் முதலில் போதும், அதற்கு முந்தியவை நோயுற்ற மனம், மனமாற்றம், புனிதர் வாழ்க்கை என்று வேறு பக்கம் போகின்றன.